பழைய காருக்கு ஒயிட்வால் டயர் வீட்டிலேயே செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசடர், பியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று ஏதாவது ஒரு பழைய காரைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடும்: டயரின் பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை வேண்டும். புது ஒயிட்வால் டயரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் டயர் விலையோடு கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்து கையைக் கடிக்கும். அதனால் நாமே செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் எந்த டயரில் எதைச் செய்யலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒயிட்வால் என்பது கம்பெனியில் அடித்த வெள்ளைப் பெயிண்டா?

இல்லை, வெள்ளை ரப்பர். டயர் செய்யும்போதே சைட்வாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், ஒரு பட்டை அளவுக்கு வெள்ளை ரப்பரை வைத்து, அதன் மேல் மெல்லிய கறுப்பு ரப்பர் தோலைப் போர்த்தி அச்சில் வேகவைக்கிறார்கள். வெந்து வந்த பிறகு அந்தக் கறுப்புத் தோலை மட்டும் அரைத்து எடுத்தால் உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். கறுப்பு ரப்பரில் கார்பன் கறுப்பு என்ற கரித்தூள் வலுவுக்காகச் செய்யும் வேலையை இந்த வெள்ளை ரப்பரில் டைட்டானியம் டை ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும் களிமண் வகைகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. மஞ்சள் சாயல் தெரியாமல் இருக்கக் கொஞ்சம் அல்ட்ராமரைன் நீலமும் சேர்ப்பார்கள். வேட்டிக்குப் போடும் நீலத்தின் அதே வேலைதான்.

இந்த வழக்கம் எப்படி வந்தது?

ரப்பர் பால் வெள்ளை. அதில் வலுவுக்காகத் துத்தநாக ஆக்சைடு சேர்த்ததால் ஆரம்ப கால டயர்கள் முழுக்கவே வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. மிஷலின் கம்பெனியின் டயர் மனிதன் இன்றைக்கும் வெள்ளையாக நிற்பது அந்தக் காலத்து மிச்சம். 1910-களில் கார்பன் கறுப்பு சேர்த்தால் டயர் பல மடங்கு தேய்மானம் தாங்கும் என்று தெரிந்ததும், விலை கருதி, ரோட்டில் தேயும் பாகத்துக்கு மட்டும் கறுப்பு போட்டார்கள். பக்கங்கள் வெள்ளையாகவே நின்றன. அப்போது முழுக் கறுப்பு டயர்தான் உசத்தி. பிறகு எல்லா டயரும் கறுப்பானதும் கதை தலைகீழாகி, வெள்ளைப் பக்கம் பணக்கார அடையாளமாகிவிட்டது. அமெரிக்காவில் 1950-கள் அதன் பொற்காலம்.

நாமே செய்ய எத்தனை வழி உண்டு?

மூன்று. உள்ளே வெள்ளை ரப்பர் இருக்கும் டயராகப் பார்த்து மேல் தோலை அரைத்து எடுப்பது. ரிம்முக்கும் டயருக்கும் நடுவே வெள்ளை ரப்பர் வளையம் செருகுவது. பெயிண்ட் அடிப்பது. நம் ஊர்க் கார்களுக்குப் பெரும்பாலும் மூன்றாவதுதான் கைகொடுக்கும். அதைச் சிலர் இளக்காரமாகப் பார்ப்பார்கள். வாரம் ஒருநாள் வெளியே எடுக்கும் காருக்கு ஒழுங்காக அடித்த பெயிண்டில் ஒரு குறையும் இல்லை என்பது என் கட்சி.

என் டயருக்குள் வெள்ளை ரப்பர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சைட்வாலில் கம்பெனிப் பெயரோ மாடலோ தூக்கலான வெள்ளை எழுத்தில் இருந்தால் உள்ளே வெள்ளை ரப்பர் உண்டு. எழுத்து இருக்கும் இடத்தில் மட்டுமல்ல, பெரும்பாலும் டயரைச் சுற்றி வளையமாகவே அது ஓடும். எழுத்தின் தலையை மட்டும் அரைத்துவிட்டு மீதியைக் கறுப்புத் தோலுக்குள் விட்டிருப்பார்கள். முழுக் கறுப்பாக இருக்கும் சாதாரண டயரை எவ்வளவு அரைத்தாலும் கறுப்புதான் வரும், அதற்கப்புறம் டயருக்கு வலு தரும் உள் நூல் வரும். 'கொஞ்சம் அரைத்துப் பார்ப்போமே' என்ற விளையாட்டே வேண்டாம்.

இன்னொரு சிக்கல், அளவு. வெள்ளை எழுத்து டயர்கள் பெரும்பாலும் ஜீப், எஸ்.யூ.வி. அளவுகளில் வருகின்றன. 1955 ஷெவர்லே பெல்ஏர் போன்ற அமெரிக்கக் காருக்கு அது பொருந்தும். அதன் பழைய 6.70-15 டயருக்குப் பதிலாக 205/75 ஆர் 15 ரேடியல் போடுவது அங்கே வழக்கம். அம்பாசடரின் 5.90-15, பழைய பியட்டின் 5.20-14, ஹெரால்டின் 5.20-13 அளவுகளுக்கு ஈடாக வெள்ளை எழுத்து டயர் கிடைப்பது குதிரைக்கொம்பு.

வெள்ளை எழுத்து டயர் கிடைத்துவிட்டது. எப்படி அரைப்பது?

டயரை ரிம்மில் மாட்டி, ஓடும் அளவுக்குக் காற்று அடித்துக்கொள்ளுங்கள். காற்றில்லாத டயர் அமுங்கும், ஆழம் சீராக வராது. சக்கரம் கையால் சுற்றும்படி காரை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் பக்கத்தில் உட்காராதீர்கள்.

எழுத்துகளின் உள் ஓரத்தையும் வெளி ஓரத்தையும் தொட்டு இரண்டு வட்டம் வரைந்துகொண்டு, அதற்குள் மட்டும் வேலை செய்யுங்கள். ஆங்கிள் கிரைண்டரில் 80 நம்பர் ஃபிளாப் டிஸ்க், வேகம் குறைவாக. கல் டிஸ்க் கூடவே கூடாது. ஒரே இடத்தில் நிறுத்தினால் ரப்பர் சூடாகிப் பிசுபிசுவென்று இழுபடும், வெள்ளையோடு கறுப்பைத் தேய்த்து அழுக்காக்கிவிடும். தொட்டு எடுத்து, தொட்டு எடுத்துப் போக வேண்டும். முதலில் சாம்பல் நிறத் திட்டு தெரியும். அது தெரிந்த உடனே கிரைண்டரை வைத்துவிட்டு சாண்டர் மெஷினுக்கு மாறுங்கள். 120, பிறகு 220 உப்புத்தாள். கடைசி வழவழப்பைத் தண்ணீர் தொட்டுக் கையால் தேய்த்துக் கொண்டுவரலாம்.

மேல் தோல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக்கூட இருக்காது. வெள்ளை வந்த பிறகும் 'இன்னும் கொஞ்சம் பளிச்சென்று வரட்டுமே' என்று அரைப்பதில்தான் டயர் போய்விடுகிறது. நூல் தெரிந்தாலோ, சிறு வரிவரியாக ஏதாவது தென்பட்டாலோ அந்த டயர் காருக்கு இல்லை.

முகமூடி, கண்ணாடி இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ரப்பர் தூள் மூக்கில் ஏறினால் இரண்டு நாள் கறுப்பாகத்தான் சிந்துவீர்கள். வெயிலில் துணி காயும் கொடிக்குப் பக்கத்திலும் வேண்டாம். வீட்டில் சண்டை வரும்.

ரீட்ரேடிங் கடையில் வெள்ளை ரப்பர் ஒட்டித் தருவார்களா?

கேட்கத் தோன்றும், நியாயமான கேள்வி. ஆனால் அங்கே இருக்கும் அச்சும் உபகரணமும் ரோட்டில் படும் பாகத்துக்காக ஏற்பட்டவை. சைட்வாலில் புது ரப்பரை ஒட்டி வேகவைக்க அதற்கென்று தனி அச்சும் அழுத்தமும் வெப்பக் கட்டுப்பாடும் வேண்டும். அமெரிக்காவில் சாதாரண ரேடியல் டயரை வாங்கி இப்படி வெள்ளை ரப்பர் ஏற்றி விற்பதையே தொழிலாகச் செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. பஞ்சர் கடை வல்கனைசிங் பெட்டியை வைத்துக்கொண்டு துண்டு துண்டாக ஒட்டுவது அந்த வேலை ஆகாது. ஒட்டிய இடமெல்லாம் தனித்தனியாகப் பிரியும்.

ஆன்லைனில் விற்கும் வெள்ளை வளையம் போடலாமா?

மெதுவாக ஓட்டும் காருக்குப் போடலாம். டயரை ரிம்மிலிருந்து கொஞ்சம் விலக்கி வளையத்தின் விளிம்பை இடையில் செருகிக் காற்று அடித்தால் பிடித்துக்கொள்ளும். வாங்கும்போது ரிம் அளவு பாருங்கள். 13, 14, 15 எல்லாம் தனித்தனி.

வேகம் ஏறினால் வளையத்தின் வெளி விளிம்பு காற்றில் படபடவென்று அடிக்கும். அதைவிட முக்கியமானது மண். வளையத்துக்கும் டயருக்கும் நடுவே புகுந்த மணல், சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் சைட்வாலை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். மெத்தென்று அதிகம் மடங்கும் ரேடியல் டயரில் இது இன்னும் மோசம். வளையம் மறைத்துக்கொண்டிருப்பதால் நமக்குத் தெரியவும் தெரியாது. போட்டவர்கள் அவ்வப்போது விளிம்பைத் தூக்கிப் பார்த்துக் கழுவ வேண்டும். டியூப்லெஸ் டயரில் நான் பரிந்துரைக்க மாட்டேன். டயர் ரிம்மோடு சேரும் இடத்தில் எதையும் செருகாமல் இருப்பதே நல்லது.

பெயிண்ட் என்றால் எந்தப் பெயிண்ட்?

கதவு ஜன்னலுக்கு அடிக்கும் எனாமல் வேண்டாம். காயும்வரை அழகாக இருக்கும். காரைக் கீழே இறக்கிய உடனே டயரின் அடிப்பக்கம் பிதுங்குகிறது அல்லவா, ஓடும்போது அந்தப் பிதுக்கம் டயரைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். எனாமல் அதற்கு வளைந்து கொடுக்காது. கொஞ்ச தூரத்திலேயே மயிரிழை வெடிப்பு விட்டு, அப்புறம் செதில் செதிலாக உதிரும்.

வேண்டியது ரப்பரோடு சேர்ந்து நீளும் பெயிண்ட். ஒயிட்வாலுக்கென்றே விற்கும் பெயிண்ட் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் காற்றடைத்த ரப்பர் படகுகளுக்கு அடிக்கும் ஹைபலான் வகை. நீச்சல் குளத்துக்கு அடிக்கும் குளோரினேட்டட் ரப்பர் பெயிண்டைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். நன்றாகப் பிடிக்கும், வளையும் குணம் கொஞ்சம் குறைவு. கனமாக அடித்தால் அதுவும் வெடிக்கும்.

மொட்டை மாடியில் வெயிலுக்கு அடிக்கும் வெள்ளைக் கூலிங் பெயிண்டைப் பற்றியும் கேட்கிறார்கள். அது நீளும், உண்மைதான். ஆனால் ரப்பரில் பிடிப்பு குறைவு, மேற்பரப்பு மெத்தென்று இருப்பதால் ரோட்டுத் தூசியெல்லாம் அதில் குடியேறிவிடும். எதுவாக இருந்தாலும் பழைய டயர் ஒன்றில் ஒரு சாண் அளவுக்கு அடித்து, காய்ந்ததும் மடக்கிப் பார்த்துவிட்டுக் காருக்கு வாருங்கள்.

அடிக்கும் முறையைச் சொல்லுங்கள்.

பாதி வேலை கழுவுவதில் இருக்கிறது. புது டயரில் அச்சிலிருந்து வந்த வழுக்கல் பூச்சு இருக்கும். பழைய டயரில் சர்வீஸ் சென்டரில் தடவிய பளபளப்புத் திரவம் ஊறியிருக்கும். அதில் சிலிக்கான் இருந்தால் எந்தப் பெயிண்டும் நிற்காது. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷும் எடுத்து நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். தண்ணீர் படலமாகப் பரவி நின்றால் சுத்தம். காய்ந்ததும் 120 அல்லது 180 உப்புத்தாளால் பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் லேசாகச் சொரசொரப்பாக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைப் பனியன் துணியால் துடையுங்கள். பெட்ரோலும் தின்னரும் ரப்பரை ஊறவைத்து உள்ளே இருக்கும் எண்ணெயை மேலே கொண்டுவரும். அதன் மேல் அடித்த வெள்ளை, பழுப்பாகத் தொடங்கிவிடும்.

அடுத்து வட்டம். இதற்குக் காம்பஸ் தேவையில்லை, கார்தான் காம்பஸ். முன் சக்கரத்தைத் தூக்கி, கையால் தள்ளினால் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். டயருக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு, அதன் மேல் செங்கல் அடுக்கி, வெள்ளைப் பென்சில் பிடித்த கையை அதில் அழுத்தமாக ஊன்றிக்கொள்ளுங்கள். பென்சில் முனை டயரைத் தொட்டபடி அசையாமல் இருக்க, இன்னொருவர் சக்கரத்தை மெதுவாக ஒரு சுற்று சுற்றட்டும். தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேரும். சேரவில்லையென்றால் கை நகர்ந்திருக்கிறது, அல்லது டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை. ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று பார்த்தால் அது தெரிந்துவிடும்.

பெயிண்டும் இதே மாதிரிதான். பிரஷைப் பிடித்த கை முக்காலியில், சுற்றுவது சக்கரம். ஓரத்துக்கு ஒட்டும் மாஸ்கிங் டேப் வளைவில் மடிந்து சுருங்கும்; சுற்றும் சக்கரத்தில் அசையாத பிரஷ் அதைவிட நறுக்கென்ற ஓரம் தரும். பெயிண்டைத் தண்ணியாகக் கரைத்து மூன்று நான்கு கோட் அடியுங்கள். முதல் கோட்டில் கறுப்பு தெரியத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பொறுமை இழந்து இரண்டாவதைத் திக்காக அடித்தால் வழியும், வெடிக்கும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் முழுதும் காயும்வரை காரைத் தரையில் இறக்காதீர்கள். காற்று அளவும் ஆரம்பத்திலிருந்தே சரியாக இருக்கட்டும். குறைந்த காற்றில் அடித்துவிட்டுப் பிறகு ஏற்றினால் பெயிண்ட் இழுபடும்.

பின் சக்கரத்தையும் இப்படியே செய்யலாம், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டிருப்பீர்கள் என்பதால் முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுப்பது கட்டாயம். இந்த வம்பே வேண்டாமென்றால் நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாக முன்பக்கம் மாட்டி அடித்துவிட்டு அதனதன் இடத்தில் போடுங்கள்.

பட்டை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்?

காரின் வயதைப் பொறுத்தது. 1950-கள் வரை அமெரிக்கக் கார்களில் இரண்டரை, மூன்று அங்குல அகலப் பட்டை. 1957 கேடிலாக் எல்டொராடோ புரோஹாம் ஒரு அங்குலப் பட்டையோடு வந்தது. 1962 வாக்கில் அமெரிக்கா முழுக்க ஒல்லிப் பட்டைதான். எனவே 1948 ஷெவர்லேவுக்கு ஒல்லிப் பட்டை போட்டாலும், 1965 காருக்கு அகலப் பட்டை போட்டாலும் விவரம் தெரிந்தவர் கண்ணில் உறுத்தும்.

நம் கார்களுக்கு வேறு கணக்கு. 155/80 ஆர் 13 டயரின் பக்க உயரம், அதன் அகலமான 155-இல் 80 சதவீதம், அதாவது 124 மில்லிமீட்டர். இதில் ரிம் விளிம்பு மறைப்பது போக, ரோட்டுப் பக்கம் வளைந்து போவதையும் கழித்தால் கண்ணுக்குத் தட்டையாகத் தெரிவது மூன்று அங்குலம் சொச்சம். அதில் மூன்று அங்குலமும் வெள்ளை அடித்தால் காருக்குப் பொம்மைக் களை வந்துவிடும். ஹெரால்டு, பியட்டுக்கு ஒரு அங்குலம் போதும். அம்பாசடரின் குண்டு உடம்புக்கு ஒன்றரை தாங்கும். ஒல்லிப் பட்டை என்றால் ரிம்முக்கும் பட்டைக்கும் நடுவே கொஞ்சம் கறுப்பு விடுங்கள், வீல் கப் எடுப்பாகத் தெரியும். வெளிப்பக்கம் டயரின் தோள்வரை கொண்டுபோக வேண்டாம். நடைபாதைக் கல்லில் முதலில் உரசுவது அதுதான்.

அடித்த சில மாதத்தில் மஞ்சளாகிறதே, பெயிண்ட் மட்டமா?

பெயிண்டைத் திட்டாதீர்கள். காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும். அதைத் தடுக்கக் கறுப்பு ரப்பரில் சில ரசாயனங்களும் மெழுகும் கலந்திருப்பார்கள். அவை மெல்ல மெல்ல மேலே கசிந்து வந்தால்தான் டயருக்குப் பாதுகாப்பு. பழைய டயர் ஓரங்களில் தெரியும் காப்பி நிறம் அதனால் வருவதுதான். அந்தக் கசிவு நம் வெள்ளைப் பெயிண்டிலும் ஏறுகிறது. கம்பெனி ஒயிட்வாலில் இதற்காகவே கறை ஏற்றாத தனி ரப்பர் கலவை வைக்கிறார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. சித்திரை வெயிலில் நிற்கும் கார் சீக்கிரம் மஞ்சளாகும், ஷெட்டில் நிற்பது தாங்கும். லேசாகத் தேய்த்து இன்னொரு மெல்லிய கோட் அடிப்பதுதான் வழி. கோட் மேல் கோட்டாக ஏறிக் கனத்துவிட்டால் பழையதைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

எதைப் போட்டுக் கழுவுவது?

துணி சோப்பும் மெத்தென்ற பிரஷும் போதும். நிஜ வெள்ளை ரப்பராக இருந்தால் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரில் சோப்பு போட்டு லேசாகத் தேய்க்கலாம், கறை மேல் தோலோடு போகும். பெயிண்டில் அதைச் செய்தால் பெயிண்டும் கூடப் போகும். பிளீச்சிங் பவுடர், ஆசிட் எதுவும் வேண்டாம். செம்மண் ரோட்டில் போய்வந்தால் அன்றே கழுவிவிடுங்கள். பழைய கார்களுக்கு நான்கு பக்கமும் டிரம் பிரேக் என்பதில் ஒரு லாபம் உண்டு: பிரேக் தூள் உள்ளேயே அடைபட்டு வெள்ளையில் அவ்வளவாகப் படியாது.

புது ஒயிட்வால் டயரே வாங்கியவர்கள் அதில் நீலப் பூச்சைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒன்றன் மேல் ஒன்று அடுக்கும்போது கறுப்பு ஏறாமல் இருக்கப் பூசியது, சோப்புத் தண்ணீரில் போய்விடும். நீங்கள் டயரை அடுக்கி வைத்தாலும் வெள்ளைப் பக்கம் வெள்ளையைப் பார்த்து இருக்கட்டும்.

இதனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பிரச்சினை வருமா?

பெயிண்ட் பட்டையை விட, அதன் அடியில் இருக்கும் டயரைப் பற்றிக் கவலைப்படுங்கள். 15 ஆண்டு தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது காரை நேரில் காட்ட வேண்டும். டயர் அளவு, ஐ.எஸ்.ஐ. முத்திரை, தயாரித்த வாரத்தைக் காட்டும் நான்கு இலக்க எண் எல்லாம் சைட்வாலில்தான் இருக்கின்றன. பெயிண்ட் ஏறினாலும் எழுத்தின் மேடு தெரியும். அரைத்து எடுத்தால் போனது போனதுதான். அந்த எண் 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். பழைய கார் அதிகம் ஓடாததால் டயரின் பட்டன் (ரோட்டில் படும் கட்டைகள்) தேயாமலே டயருக்கு வயதாகிவிடும். பத்து வருடம் ஆன, பக்கத்தில் வெடிப்பு விட்ட டயருக்கு வெள்ளை அடிப்பது வெடிப்பை மறைக்கிற வேலை. புது டயர் வாங்கிவிட்டு அதில் அடியுங்கள்.

கல்யாண ஊர்வலத்துக்கு ஒரு நாள் மட்டும் வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள் கேன்வாஸ் ஷூவுக்குப் போடும் வெள்ளைப் பாலிஷை ஸ்பாஞ்சில் தொட்டுத் தடவுங்கள். நாலடி தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் தெரியாது. மழை வந்தால் கரையும், வராவிட்டால் மறுநாள் குழாயைத் திறந்தால் போதும்.

சேத்தக், லாம்பிரெட்டா, புல்லட்டுக்கும் இதே முறையா?

கழுவுவதும் அடிப்பதும் இதேதான். ஆனால் இரண்டு சக்கர வண்டி வளைவில் சாயும்போது டயரின் தோள் ரோட்டைத் தொடும். அங்கே பெயிண்ட் இருந்தால் வழுக்கும். பட்டை ரிம்மை ஒட்டியே இருக்கட்டும். ஸ்கூட்டருக்கு மட்டும், அடிப்பதற்கு முன் கடையில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், 3.50-10 அளவில் ஒயிட்வால் டயராகவே விற்பனைக்கு உண்டு.

ஸ்டெப்னிக்கும் அடிக்க வேண்டுமா?

அடித்துவிடுங்கள். பெயிண்டைக் கரைத்தாயிற்று, முக்காலியும் செங்கலும் அங்கேயே இருக்கின்றன, இன்னும் ஒரு சக்கரம்தானே. டிக்கியில் படுக்க வைக்கும்போது வெள்ளைப் பக்கம் மேலே இருக்கட்டும், ஜாக்கியையும் ஸ்பேனர் பையையும் அதன் மேல் போடாதீர்கள்.